பெருங்களத்தூரில் பிறந்த கார்கள்

மோட்டார் வண்டி என்பது நமக்கு ஓடும் வரையில் வாகனம், ஓடாமற்போனால் பழைய இரும்பு. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே, அதைத் துடைத்து மெருகேற்றி, விளக்கொளியில் நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி, நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டும்படியான மூன்றாம் நிலை ஒன்றும் உண்டென்பதை நம் தேசம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. அதற்குள் எத்தனையோ அபூர்வமான வண்டிகள் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்து, உருப்படி உருப்படியாகக் கழற்றப்பட்டு, எடைக்கு விலைபோய்விட்டன. தப்பிப் பிழைத்தவை சிலருடைய தனிப்பட்ட அபிமானத்தால் பிழைத்தவையே தவிர, சர்க்கார் சட்டத்தாலோ பொதுஜனங்களின் கவலையாலோ அல்ல.

அப்படிப்பட்ட அபிமானத்தின் பலனைக் காணவேண்டுமானால், தாம்பரத்துக்காரர்கள் வெகுதூரம் பிரயாணம் செய்யவேண்டியதில்லை. மின்சார ரயிலில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கி, அங்கேயே மெட்ரோ ரயிலுக்கு மாறி, நான்காவது நிலையமான வடபழனியில் இறங்கினால், ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட பாரம்பரியக் காட்சிச்சாலையை அடையலாம். ஸ்டூடியோவை நிறுவிய மெய்யப்பச் செட்டியாரின் பேரரான எம்.எஸ்.குகன் சேகரித்த நாற்பதுக்கு மேற்பட்ட கார்களும், இருபது அளவில் மோட்டார் சைக்கிள்களும், ஸ்டூடியோவில் ஒரு காலத்தில் புழங்கிய படப்பிடிப்புக் கருவிகளோடு சேர்ந்து அங்கே கொலுவீற்றிருக்கின்றன. சினிமாவும் மோட்டாரும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் பிறந்து, ஒன்றையொன்று விளம்பரப்படுத்திக்கொண்டே வளர்ந்த இரட்டையராதலால், இந்தக் கூட்டு பொருத்தமானதுதான்.

முப்பதுகளையும் நாற்பதுகளையும் சேர்ந்த கார்களின் முன்னால் நிற்கும்போது முதலில் கண்ணில் படுவது அவற்றின் உயரம். குதிரை வண்டியின் அடிச்சட்டத்தைப் பின்பற்றியே மோட்டாரின் அடிச்சட்டமும் முதலில் அமைந்ததால், தரையிலிருந்து உட்காரும் இடத்துக்கு ஏறுவதற்கு இரு பக்கமும் மிதிபலகை வேண்டியிருந்தது. பின்னர் அடிச்சட்டம் தாழ, மேற்கூடு அகல, முன்னும் பின்னும் தனித்தனியே வீங்கி நின்ற மட்கார்டுகள் கூட்டோடு கலந்து மறைய, மிதிபலகைக்கு வேலையில்லாமற் போயிற்று. திரும்பும் திசையைக் காட்டுவதற்குக் கதவுத் தூணிலிருந்து வெளியே நீண்டு ஒளிரும் சிறு பட்டை, பாட்டரி கைவிட்டால் யந்திரத்தைச் சுழற்றி எழுப்புவதற்கு முன்புறத் துவாரத்தில் செருகும் இரும்புக் கைப்பிடி, இவையெல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடுகள். அந்தக் கைப்பிடி சில சமயங்களில் எதிர்த்துத் திரும்பி அடித்து, சுற்றியவரின் மணிக்கட்டை முறித்துவிடும் என்பதால், பெரிய மனிதர்கள் அந்தக் காரியத்தைப் பெரும்பாலும் டிரைவரிடமோ கிளீனரிடமோ ஒப்படைத்துவிடுவது சம்பிரதாயம்.

இந்த டிரைவரும் கிளீனரும் பிட்டரும் கார்க் காட்சிச்சாலைகளில் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். அவர்கள் அநேகமாக எங்குமே இருப்பதில்லை. உலகத்தின் எந்த மூலையிலுள்ள கார்க் காட்சிச்சாலைக்குச் சென்றாலும், வண்டியின் பக்கத்தில் நிற்கும் பலகை நமக்குச் சொல்லும் விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றே: தயாரான வருஷம், குதிரைசக்தி, பிறந்த தேசம், பிறகு மிகுந்த கௌரவத்தோடு, இந்த வண்டி இன்ன மகாராஜாவுக்கு அல்லது இன்ன நட்சத்திரத்துக்குச் சொந்தமாயிருந்தது என்ற செய்தி. உடைமைக்கு உள்ள மரியாதை உழைப்புக்கு இல்லை.

சென்னையின் மோட்டார் சரித்திரமும் இப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எம்.சி. 1 என்ற முதல் பதிவு எண் துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடைய வண்டிக்கு உரியது என்பதையும், எம்.சி. 3 என்ற எண்ணோடு ஓடிய பிரெஞ்சு வண்டியால் இந்நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்ற பெயரைத் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் பெற்றார் என்பதையும் ஆர்வலர்கள் அறிவார்கள். ஆனால் அதே காலத்தில், 1903-ஆம் ஆண்டில், மவுண்ட் ரோடு சிம்ப்ஸன் கம்பெனியில் நீராவியால் ஓடும் காரை இந்நகரிலேயே செய்துகாட்டிய சாமுவேல் ஜான் கிரீனின் பெயரைச் சொல்லக் கேட்பது அரிது. நம்பெருமாள் செட்டியார் உயர்நீதிமன்றம் முதலிய மகத்தான கட்டடங்களை எழுப்பிய ஒப்பந்தக்காரர், அதாவது அவரும் ஒரு வகையில் செய்பவரே என்பதை எண்ணும்போது, அவரையும் கார் வாங்கியவராகவே நினைவில் வைத்திருப்பது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இந்தக் குறையிலிருந்து ஓரளவு தப்பிய காட்சிச்சாலை என்று கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடுவின் பெயரால் நடக்கும் அறக்கட்டளை 2015-இல் திறந்த ஜீடி கார்க் காட்சிச்சாலையைச் சொல்வேன். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கியவர், யந்திரம் எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் விடாதவர் நாயுடு; அவருடைய நிழல் அந்தக் கூடத்தில் விழுந்திருப்பது இயல்பே. அங்கே கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமம் பெற்ற மூன்று சக்கர வண்டியின் மறு உருவம் ஒன்று இருக்கிறது. ஒரே சிலிண்டர், ஒரு குதிரைசக்திகூட இல்லாத யந்திரம். 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இந்த ஜாதி வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்குமேல் சென்றார். வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார், குழாயில் அடைத்துக்கொண்ட அழுக்கைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார், தேய்ந்துபோன பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடித்துக்கொண்டார். உலகத்தின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பிரயாணமே பாதிக்குமேல் பழுதுபார்ப்பாகத்தான் நடந்தேறியது.

இனித் தாம்பரத்துக்குத் திரும்புவோம். பார்க்கத் தக்க கார்கள் வடபழனியிலும் கோவையிலும் இருக்க, கார் செய்த ஊர் நமக்கு அடுத்த ரயில் நிலையத்தில் இருந்தது. அதற்கு ஒரு நினைவுக் கல்கூட நாம் நாட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் 1903-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஒத்துழைப்போடு, யூனியன் கம்பெனி என்ற சென்னை வியாபார ஸ்தாபனத்தார் 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். அதே 1948-இல்தான் ஆஸ்டின் கார்களை இணைப்பதற்கு அசோக் மோட்டார்ஸ் உதயமாயிற்று, மெய்யப்பச் செட்டியாரும் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தார். சுதந்திரம் வந்த மறு வருஷத்தில் சென்னைக்கு எத்தனை துணிச்சல் இருந்திருக்கிறது! தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டர்டின் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வெளிவந்தது வேன்கார்டு. இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமான அதன் யந்திரம், பர்கூசன் டிராக்டரோடு இரத்த சம்பந்தம் உடையது. அதிக அலங்காரம் இல்லாதது, ஆனால் சாகாத ஆயுள் படைத்தது. இந்த யந்திரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கதையின் கடைசியில் இது மறுபடியும் வருகிறது.

1953-இல் மத்திய சர்க்கார், பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து இங்கே முடுக்கி விற்பது போதாது, படிப்படியாக இங்கேயே செய்வதற்குத் திட்டம் உள்ளவர்களே தொழிலில் இருக்கலாம் என்று விதித்தபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் விஷயத்தில் மிஞ்சியவர்களில் முக்கியமானவர்கள் மூவர்: கல்கத்தாப் பக்கத்து ஹிந்துஸ்தான், பம்பாய் பிரீமியர், பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு. பிறகு ஒரு முப்பது வருஷ காலம், கார் வாங்க நினைத்த இந்தியக் குடும்பஸ்தருக்கு இருந்த தேர்வு பெரும்பாலும் அம்பாஸிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற இந்த மூன்று பெயர்களுக்குள் அடங்கியது. அதிலும் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் ஆகியவற்றுக்குப் பிறகு 1961-இல் பெருங்களத்தூரிலிருந்து வந்த ஹெரால்டின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு மேற்கூடுகள் செய்து கொடுத்துவந்த ஆலையை அதன் போட்டியாளர் வாங்கிவிட்டபடியால், முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் அழுத்தி எடுக்கும் வசதி இல்லாமற் போயிற்று. ஆகவே, அதற்குள் உலகம் கைவிடத் தொடங்கியிருந்த தனி அடிச்சட்டத்துக்கே திரும்பி, பல இடங்களில் செய்த தகடுகளைக் கொண்டுவந்து அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வண்டியை அமைத்தார்கள். இத்தாலியச் சிற்பியென்றே சொல்லத்தக்க ஜியோவானி மிக்கெலொட்டி அதற்கு உருவம் கொடுத்தார். கூர்மையான விளிம்புகளும் மெல்லிய தூண்களும் அகன்ற கண்ணாடிகளும் உள்ள அந்த உருவம், பானை வயிற்று அம்பாஸிடருக்குப் பக்கத்தில் நிற்கும்போது நேற்றுப் பிறந்ததுபோல் தோன்றும். கவென்ட்ரியில் நிர்ப்பந்தத்தால் நேர்ந்த இந்த அமைப்பு நமக்கு அனுகூலமாக முடிந்தது. பெரிய அழுத்து யந்திரங்கள் இல்லாத தேசத்தில், துண்டு துண்டாகச் செய்து சேர்க்கக்கூடிய வண்டியைப் போல உகந்தது வேறென்ன?

அதன் பானெட் ஒரு தனி அதிசயம். மற்றக் கார்களில் மூடியை மட்டும் தூக்கினால், ஹெரால்டில் மட்கார்டும் விளக்குகளும் உட்பட முன்பாகம் முழுவதும் மூக்கை ஊன்றிக்கொண்டு முன்பக்கமாகக் கவிழ்ந்து, யந்திரத்தையும் சக்கரங்களையும் ஒளிவு மறைவின்றித் திறந்து காட்டிவிடும். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு ஷெட்டில், வயது எழுபதைத் தாண்டியும் ஸ்பானரைக் கீழே வைக்காத மெக்கானிக் ஒருவரிடம் இதைப் பற்றி விசாரித்தேன்.

"பெரியவரே, ஹெரால்டிலே நீங்க நிறைய வேலை பார்த்திருப்பீங்களே?"

"அதுதான் சார் நமக்குப் பள்ளிக்கூடம். பானெட்டைக் கவுத்துட்டு டயர் மேலேயே உட்கார்ந்துக்குவேன். குனியவே வேணாம். இப்ப வர்ற வண்டியிலே கை நுழையுதா, சொல்லுங்க? மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதுக்கடியிலே இன்னொரு மூடி."

அவர் புகழ்ந்ததோடு நிறுத்தவில்லை, குற்றமும் சொன்னார். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கல் அமைத்தது நாகரிகம்தான், ஆனால் பின் சக்கரங்களைத் தாங்கியது குறுக்கே போட்ட ஒரே ஒரு வில்பட்டை. குடும்பம் முழுவதும் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கிச் சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும். வேகமாக வளைவில் திரும்பினாலோ உள்ளே மடங்கப் பார்க்கும். யந்திரம் வெறும் 948 சி.சி. இன்னொரு குறை கதவு: ஆரம்பத்தில் இரண்டே கதவுகள். பின் ஆசனத்துக்குப் போக, முன் ஆசனத்தை மடக்கிக்கொண்டு, பட்டுப்புடவையும் கைக்குழந்தையுமாகக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட பெண்மணிகள் பட்ட பாட்டை, அதை வரைந்த இத்தாலியர் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

இங்கேதான் பெருங்களத்தூர்க்காரர்களின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. இங்கிலாந்தில் ஒருபோதும் விற்கப்படாத நான்கு கதவு ஹெரால்டை அறுபதுகளின் பிற்பகுதியில் அவர்கள் நமக்கென்றே செய்தார்கள். உள்நாட்டுப் பாகங்கள் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டே போயின. தாய்க் கம்பெனியை 1961-இல் லேலண்ட் விழுங்கி, 1963-இல் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே இங்கிலாந்தின் கார்களிலிருந்து நீக்கிவிட்ட பிறகும், அந்தப் பெயர் இன்னும் கால் நூற்றாண்டு பெருங்களத்தூரில் உயிரோடு இருந்தது. அங்கே டிரையம்ப் என்று ஓடிய வண்டி இங்கே ஸ்டாண்டர்டு என்று ஓடிற்று. கூட்டுறவு முடிந்த பின், 1972-இல் அதே உடலுக்கு முகத்தையும் பின்புறத்தையும் மாற்றி, மெக்கானிக்குகள் வெறுத்த பின் தொங்கலை எடுத்துவிட்டுக் கனத்த இருசு பூட்டி, கஸெல் என்ற பெயரில் வெளியிட்டார்கள். தடுமாறித் தடுமாறி 1977 வரையில் அது வந்தது. அப்புறம் சில ஆண்டுகள் கார் இல்லை. சரக்கு வேன்களே அந்தத் தொழிற்சாலையின் ஜீவனமாக இருந்தன.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. சிறிய, மலிவான, பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிக்கிற வண்டியைத் தேசம் வாரி அணைத்துக்கொண்ட அந்த வேளையில், பெருங்களத்தூரார் எடுத்த முடிவு வியப்பூட்டுவது: 1985-இல் அவர்கள் கொண்டுவந்தது பெரிய, விலை உயர்ந்த ஸ்டாண்டர்டு 2000. உருவம் 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோவர் எஸ்டி1. அங்கே அதன் பானெட்டுக்குள் எட்டு சிலிண்டர் யந்திரமும் உண்டு. இங்கே பானெட்டைத் திறந்தால் இருந்தது, நாம் முன்னே சந்தித்த வேன்கார்டின் வழிவந்த அதே நான்கு சிலிண்டர் யந்திரம், 1991 சி.சி. அளவில். நாற்பதுகளில் பிறந்த இருதயத்தை எழுபதுகளின் உடலில் வைத்து எண்பதுகளில் விற்க முற்பட்டால், வாங்குகிறவர்கள் யோசிக்கத்தான் செய்வார்கள். லைசென்ஸ் ராஜ்யத்தில் போட்டியில்லாமல் பழகிப்போன ஸ்தாபனத்துக்கு, போட்டி என்பது எப்படி இருக்கும் என்ற ஞானமே அற்றுப்போயிருந்தது என்பது என் அபிப்பிராயம். குற்றத்தை முழுவதும் நிர்வாகத்தின் தலையில் போடுவதற்கில்லை. இத்தனை வண்டிதான் செய்யலாம் என்று முப்பது ஆண்டுகள் கையைக் கட்டி வைத்துவிட்டு, திடீரென்று ஓடு என்றால் எவன் ஓடுவான்? 1988-இல் உற்பத்தி நின்றது.

நின்ற பின்னும் கிடங்கில் எஸ்டி1 காரின் உதிரிப் பாகங்கள் மலைபோல் கிடந்தன. 2006 வாக்கில் அவற்றை விலைக்கு வாங்கி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது, லிங்கன் நகரத்திலுள்ள பழைய கார்ப் பாக வியாபார நிறுவனமான ரிம்மர் பிரதர்ஸ். அங்கே தங்கள் ரோவரைப் பழுதுபார்த்து வைத்திருக்கும் எத்தனையோ அபிமானிகள், பெருங்களத்தூரிலிருந்து வந்த கதவையோ தகட்டையோ பூட்டிக்கொண்டு இன்றைக்கும் உலாவிக்கொண்டிருக்கலாம்! நம்மிடம் மிஞ்சியது நிலம். அதில் இப்போது ஸ்ரீராம் கேட்வே என்ற பெயரில் கண்ணாடி மாளிகைகள் எழுந்து, கம்ப்யூட்டர் கம்பெனிகள் நடக்கின்றன.

தென்சென்னைப் புறநகரின் தலைவிதியே இப்படியோ என்று சில சமயம் தோன்றும். குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையிலிருந்து பெயர் பெற்ற குரோம்பேட்டையில் இன்று எத்தனை பேர் அந்த ஆலையை அறிவார்கள்? 1954-இல் போன ஃபோர்டு, நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, இதே ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரில் தொழிற்சாலை எழுப்பி, 1999-இல் ஐகான் காரோடு அமர்க்களமாகத் தொடங்கி, 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட்டோடு உற்பத்தியை நிறுத்திற்று. ஹூண்டாயும் ரெனோவும் பி.எம்.டபிள்யூவும் இன்னும் இந்தத் திக்கில் செய்துகொண்டிருப்பதால், கார் தொழிலில் நமக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஞாபகத்தில்தான்.

ஆகவே தாம்பரம் மாநகராட்சியாருக்கு ஒரு விண்ணப்பம். பெரிய காட்சிச்சாலை வேண்டாம். ஒரு கூடம் போதும், பெருங்களத்தூரிலோ கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தின் பக்கத்திலோ. அதில் ஒரு வேன்கார்டு, ஒரு நான்கு கதவு ஹெரால்டு, ஒரு கஸெல், ஒரு 2000. யாருக்குச் சொந்தமாயிருந்தது என்ற பலகை அவசியமில்லை. அந்தத் தொழிற்சாலையில் லேத்திலும் பெயிண்ட் அடிக்கும் பிரிவிலும் இணைப்பு வரிசையிலும் வேலை செய்தவர்களில் கடைசி வருஷங்களில் வாலிபர்களாக இருந்தவர்களே இன்று அறுபதைத் தொட்டவர்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, அவர்களிடமுள்ள அடையாள அட்டைகளையும் கருவிகளையும் புகைப்படங்களையும் வாங்கி வைக்கலாம். நாளைக்குத் தள்ளினால் ஆள் இருக்கமாட்டார்கள்.

இந்த யோசனையை முடிச்சூர் சாலைப் பெரியவரிடமும் சொன்னேன். அவர் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். பெரிய உற்சாகம் ஒன்றும் காட்டவில்லை.

"வைக்கட்டும் சார், நல்லதுதான். ஆனா ஒண்ணு, பானெட்டை மூடி வெச்சிடப் போறாங்க. கவுத்தே வைக்கச் சொல்லுங்க. பக்கத்திலே ஒரு ஸ்டூலும் போடச் சொல்லுங்க, நான் வந்து உட்கார்ந்து பசங்களுக்குச் சொல்லித்தர்றேன்."